அணிகலனும் அதன் ஆசிரியரும்

தமிழில் ‘அணி’ என்னுஞ் சொல் இருபொருள் தந்து நிற்றலை யாவரும் அறிவர். மகளிர் பூணுவதும் அணி. புலவர் செய்யுளிற் பூட்டுவதும் அணி. ஐம்பெருங் காப்பியங்களின் பெயர்களை எடுத்துக்கொண்டாலோ, சிலம்பும் மேகலையும் மணியும் வளையும் குண்டலமும் நம் செவியில் ஒலிக்கின்றன. அணிகலனுக்கு இத்துணைப் பெருமை அளித்த நாம், அதனை ஆக்கியவர் பெயரை ஒருகாலேனும் வினாவியதுண்டோ? கண்ணகியின் சிலம்பினுள் மாணிக்கப் பரலும் கோப்பெருந்தேவியின் சிலம்பினுள் முத்துப் பரலும் இருந்தமையைப் பள்ளிச் சிறாரும் கூறுவர். அவ்விரண்டையும் செய்த கைகள் எவருடையன? இளங்கோவடிகள் கூறிற்றிலர், யாமும் கேட்டிலேம். அக்காப்பியத்தில் ஒரு பொற்கொல்லன் வருகின்றான். அவனுக்கும் பெயரில்லை, அவன் வருவதும் களவு செய்தற்கும் பொய்யுரைத்தற்குமே.

இவ்வெண்ணம் எமக்குத் தோன்றியதற்கு ஒரு காரணமுண்டு. சென்ற கோடை விடுமுறையில், எம்முடன் விடுதியில் உறையும் நண்பர் ஒருவரின் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். அவருடைய தங்கை பள்ளி மேனிலைத் தேர்வெழுதி முடித்திருந்தாள். அவளுடைய கணக்கேட்டின் பின்பக்கங்களெல்லாம் தோடும் தொங்கலும் கடகமுமாக வரையப்பெற்று நிரம்பியிருந்தன. நாகரிக உடைத்தொழிலில், மக்கள் ‘ஃபேஷன்’ என வழங்கும் அத்துறையில், அணிகலன்களுக்கு வடிவம் வகுப்பவளாக வேண்டும் என்பது அவள் அவா. தந்தையாரோ, “தட்டார் பட்டறைக்குப் போவதற்கு ஒரு பட்டப்படிப்பா?” என்றார். பாட்டியாரின் தடை வேறுவகையது. எம் போன்ற கிறித்தவக் குடும்பங்கள் சிலவற்றிற் பொன் பூணாமை ஒரு நோன்பு போலவே இருந்துவருகின்றது. “நம் வீட்டில் காதிலே பொட்டுப் பொன் போட்டவர் இல்லை; இவள் ஊராருக்கு நகை செய்து கொடுக்கப் போகிறாளோ?” என்பது அவர் வினா. தமிழ் பயில்வோர் நியாயமும் அறிவர் என்று கருதினர் போலும், “நீயே சொல், தம்பி” என்று எம்மைக் கேட்டனர். யாம் காப்பிக் கிண்ணத்தை நோக்கியவாறு வாளா இருந்தோம். கூறத்தக்கது ஒன்றும் அன்று எம்மிடம் இல்லை. கல்லூரிக்கு மீண்டபின் நூலகத்திலும் பிறவிடத்தும் சிலவற்றைப் படித்தறிந்தோம். அன்று கூறாத விடையை ஈண்டுக் கூறத் துணிகின்றோம்.

அணிகல வடிவமைப்பாளர் என்பார் யார்? பொன்னை உருக்குபவர் வேறு. கல்லைப் பட்டை தீட்டுபவர் வேறு. கடையில் விற்பவர் வேறு. இவ்வணி இன்ன உருவினதாய், இன்ன எடையினதாய், உடம்பின் இன்ன இடத்தில் இவ்வாறு அமர்தல் வேண்டும் என்று முதற்கண் மனத்தாற் காண்பவரே அவர். கண்டதனைத் தாளில் வரைவர். மெழுகிலேனும் மரத்திலேனும் செதுக்கிப் பார்ப்பர். அதன் பின்னரே உலை மூட்டப்படும். உடைத்தொழிலைச் சார்ந்து உழைப்பவருக்கு மேலும் ஓர் இடர்ப்பாடு உண்டு. உடைகளோ பருவந்தோறும் மாறுவன. ஆண்டுக்கு இருமுறையேனும் புதியன காட்டப்படும், பழையன மறக்கப்படும். அவற்றோடு தோன்றிய அணியும் அவற்றோடு மறைதலே பெரும்பான்மை. இத்தகைய தொழிலில் ஒருவர் தம் வாழ்நாளைச் செலவிடுதல் தகுமோ என்பதே வினா. தகும் என்பது எம் கருத்து. ஆயினும் ஒரு நிபந்தனையோடு. அந்நிபந்தனையைப் பொதுப்படக் கூறாது, ஒருவர் வாழ்க்கையை வைத்துக் கூறுவதே எளிது.

எல்ஸா பெரெட்டி அம்மையார் 1940-ஆம் ஆண்டில் இத்தாலியின் பிளாரன்ஸ் நகரிற் பிறந்தவர். தந்தையார் எண்ணெய் வாணிகத்தாற் பெருஞ்செல்வம் ஈட்டியவர். இருபத்தொரு வயதளவில் மகள் வீட்டை விட்டு வெளியேறினார்; குடும்பத்தினர் பொருளுதவியை நிறுத்திவிட்டனர். சுவிட்சர்லாந்தின் மலையூராகிய கஸ்டாடில் மொழி கற்பித்தும் பனிச்சறுக்குப் பயிற்றியும் காலங்கழித்தார். பின்பு ரோம் நகரில் இல்லங்களின் உள்ளமைப்புக் கலையைப் பயின்றார். 1964-இல் பார்சிலோனா சென்று, உடை வகுப்போர் புதியனவாக ஆக்கிய உடைகளை அணிந்து காட்டும் ‘மாடல்’ தொழிலை மேற்கொண்டார். அத்தொழிலை அவர் வீட்டார் விரும்பினாரல்லர். 1968-இல் அதே தொழிலுக்காக நியூயார்க் வந்து சேர்ந்தார்.

மாடலாக இருந்த காலம் அவருக்கு வீண்காலமன்று என்று யாம் கருதுகின்றோம். அணிகலனை வரைவோர் பலர் அதனைத் தம் உடம்பிற் பூண்டு ஒரு நாழிகை நடந்து பார்த்தவரல்லர். எந்தக் கொக்கி நூலைக் கொத்தும், எந்தச் சரடு வியர்வையில் ஒட்டும், எந்தக் காதணி செவியை இழுத்து வருத்தும் என்பவை தாளிற் புலப்படா. பிறர் வகுத்தவற்றைப் பல்லாண்டு பூண்டு நடந்த உடம்பிற்கே அவை தெரியும். பெரெட்டி அம்மையாரின் அணிகளைப் படத்திற் பார்ப்போர்க்கும் ஒன்று விளங்கும். அவற்றிற் கூர்முனைகள் அரிய. யாவும் ஆற்றிற் கிடந்து உருண்ட கூழாங்கல்லைப்போல வழவழத்துக் கிடக்கின்றன.

அவருடைய முதல் அணி 1969-இல் தோன்றியது. பழம்பொருட் சந்தையொன்றிற் கண்ட சிறு பூக்குடுவை ஒன்று அவர் மனத்திற் பதிந்திருந்தது. அதனை இன்னுஞ் சிறிதாக்கி, வெள்ளியாற் செய்து, தோல் வாரிற் கோத்துக் கழுத்திற் தொங்கவிட எண்ணினார். ஸ்பெயின் நாட்டு வெள்ளிக்கொல்லர் ஒருவர் அதனைச் செய்து கொடுத்தார். ஜியோர்ஜியோ டி சாண்ட் ஆஞ்சலோ என்னும் உடை வகுப்பாளரின் காட்சியில், மாடல் மங்கையொருத்தி அக்குடுவையை மார்பிற் பூண்டு, அதனுள் ஒரு மலரைச் செருகிக்கொண்டு வந்தாள். கூடியிருந்தோர் மகிழ்ந்தனர், அது எங்கே கிடைக்கும் என்று வினவினர். பொன்னில்லை, மணியில்லை, சிறிது வெள்ளி, ஒரு தோல் வார், ஒரு பூ. அவ்வளவே. பாட்டியார் இதனைக் கண்டிருப்பின் என்ன கூறியிருப்பார் என்று எண்ணிப் பார்க்கின்றோம். பூவைக் கழுத்தில் வைத்துக்கொள்வதற்கு ஒரு குடுவை. இதில் அவர் வெறுக்கும் பொற்செருக்கு எங்கேயுளது?

அடுத்து அவர் ஆக்கியவற்றுள் எம் உள்ளத்தை மிகவும் கவர்ந்தது ‘எலும்புக் கடகம்’ என்பது. அதன் பிறப்பு வியப்புக்குரியது. ரோம் நகரிற் கப்பூச்சின் துறவியரின் கோயிலடியில் ஒரு நிலவறை உண்டு. ஆயிரக்கணக்கான துறவியரின் எலும்புகளைக் கொண்டே அதன் சுவர்களும் வளைவுகளும் அணிசெய்யப்பட்டுள்ளன. சிறுமியாய் இருந்தபோது பெரெட்டி அவ்விடத்திற்குச் சென்றார். மற்றைக் குழந்தைகள் அஞ்சும் அவ்விடத்தில் இவர் ஓர் எலும்பைக் கைப்பையில் ஒளித்து எடுத்து வந்துவிட்டார்! தாயார் கண்டு, திருப்பிக் கொடுத்துவருமாறு அனுப்பினார். எலும்பு மீண்டது, அதன் உருவம் மனத்தில் நின்றுவிட்டது. பார்சிலோனாவில் கௌடி என்னுஞ் சிற்பியார் எழுப்பிய, அலைபோல் நெளியும் கட்டடங்களைக் கண்டபோது அந்நினைவு வளம்பெற்றது. மணிக்கட்டில் உருண்டு புடைத்திருக்கும் எலும்பை மறைக்காமல், அதன்மேலேயே தானும் புடைத்து எழும் அகன்றதோர் வெள்ளிக் கடகத்தை அவர் வகுத்தார். வலக்கைக்குரியது இடக்கைக்குப் பொருந்தாது. இரண்டும் வேறுவேறாகச் செய்யப்படுவன. கைகள் ஒன்றன் நிழல்போல மற்றொன்று அமைந்தவையாயிற்றே! நம் கடைகளில் விற்கும் வளைகள் எந்தக் கைக்கும் ஏறும்; வட்டத்திற்கு இடமேது, வலமேது? உடம்பைப் பார்த்து வகுத்த அணிக்கும், கடையைப் பார்த்து வகுத்த அணிக்கும் உள்ள வேற்றுமை இதனாற் புலனாம்.

நிற்க. இனித் தொழிலின் பொருட்பக்கத்தை நோக்குவோம். நண்பரின் தந்தையார் கவலையும் அதனைப் பற்றியதே.

நியூயார்க்கில் அந்நாளிற் புகழ்பெற்று விளங்கிய ஹால்ஸ்டன் என்னும் உடை வகுப்பாளருக்குப் பெரெட்டி மாடலாகவும் தோழியாகவும் இருந்தார். ஹால்ஸ்டன் வகுத்த உடைகள் கோலமற்றவை, நீண்டு ஒழுகுபவை. அவற்றின்மேல் பெரெட்டியின் வெள்ளியணிகள் நன்கு பொருந்தின. 1971-இல் அமெரிக்க உடைத் திறனாய்வாளர் அந்நாளில் வழங்கிவந்த கோட்டி பரிசு அவருக்குக் கிடைத்தது. பின்பு 1975-இல் ஹால்ஸ்டன் பெயரால் ஒரு நறுமண நீர் வெளிவந்தது. அதன் புட்டியை வகுத்தவரும் பெரெட்டியே. நீர்த்துளி ஒரு பக்கம் சாய்ந்தாற் போன்றது அதன் வடிவம். அந்நறுமண நீர் பெருவிற்பனை பெற்றது. வடிவத்திற்குக் கைம்மாறாகப் பணம் வேண்டுமா, விலையுயர்ந்த மென்மயிர்த் தோலங்கி வேண்டுமா என்று கேட்கப்பட்டபோது அவர் அங்கியைத் தேர்ந்தாரென்றும், பின்னொருநாள் இருவர்க்கும் பூசல் மூண்டபோது அவ்வங்கியைத் தீயில் எறிந்துவிட்டாரென்றும் அக்கால நிகழ்ச்சிகளை எழுதுவோர் கூறுவர். கதை சுவையுடையதே. ஆயினும் யாம் இதனை நகைச்சுவையாகக் கொள்ளோம். உலகெங்கும் விற்ற புட்டிக்கு ஒருமுறை கொடுத்த பரிசிலே ஊதியமாயிற்று. எரிந்த பின்னர் அதுவும் இல்லை.

இதற்கு நேர்மாறானது அவர் டிஃபனி நிறுவனத்தோடு செய்துகொண்ட உடன்படிக்கை. 1837-இல் நியூயார்க்கில் தொடங்கப்பெற்ற அந்நகைக்கடை, வைரத்திற்கும் பொன்னுக்கும் பேர்பெற்றது. 1974-இல் அதற்காக அணிகள் வகுக்கப் பெரெட்டி ஒப்பந்தம் செய்தார். அதற்குமுன் ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் அக்கடையில் வெள்ளியாலான அணிகலன் விற்கப்பட்டதில்லை. வெள்ளி உணவுமேசைக் கரண்டிக்கும் கிண்ணத்திற்கும் உரியது, கழுத்திற்கு உரியதன்று என்பது அங்கிருந்தோர் எண்ணம். ஆயிரத்திற் றொள்ளாயிரத்திருபத்தைந்து பங்கு வெள்ளியும் எஞ்சிய பங்கு பெரும்பாலும் செம்புமாகிய அக்கலவையைப் பெரெட்டி மீண்டும் அணிகலப் பெட்டிக்குள் கொண்டுவந்தார். அவரைக்கொட்டை போன்ற பதக்கம், நடுவிடம் வெறுமையாகத் திறந்து கிடக்கும் இதயம் முதலியன வெள்ளியிலேயே புகழ் பெற்றன. ஆங்கிலச் சிற்பி ஹென்றி மூரின் சிலைகளில் அமைந்த வெற்றிடங்களைக் கண்டே அவ்விதயத்தை வகுத்ததாக அறிகின்றோம்.

வைரத்தையும் அவர் விட்டாரில்லை. ஆனால் அதன் செருக்கைக் குறைத்தார். ‘கஜக்கணக்கில் வைரம்’ என்று தமிழிற் கூறத்தக்க பெயருடைய சரடு அவர் வகுத்தது. மெல்லிய சங்கிலியில் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிறு வைரங்கள். ஒவ்வொரு கல்லையும் சுற்றி ஒரு மெல்லிய பொன் வரம்பு. கல்லைத் தூக்கிப் பிடிக்கும் நகங்களில்லை. ஆதலின் ஆடையைக் கீறுவதுமில்லை. துணிக்கடையில் துணியை அளந்து வாங்குமாறுபோல, வேண்டிய நீளமும் இயன்ற கல்லும் கொண்டதாக வாங்கலாம் என்பதே பெயரின் குறிப்பு. ஒரே ஒரு சிறு கல்லுடைய சரட்டை, அலுவலகத்தில் உழைத்துத் தன் பணத்தால் வாழும் பெண்ணும் தானே வாங்கிக்கொள்ளலாம் என்பது அவர் நோக்கம். வைரம் என்பது கணவனோ தந்தையோ வாங்கித் தரவேண்டுவதென்னும் வழக்கத்தை அச்சரடு சிறிது அசைத்துப் பார்த்தது.

இவ்வணிகளின் விலையிற் பெரும்பங்கு எதற்கு? வெள்ளியின் எடைக்கன்று; அது சிறிதே. வடிவத்திற்கே என்பது தெளிவு. அங்ஙனமாயின் அவ்வடிவம் யாருக்கு உரியது? ஈண்டுதான் பெரெட்டி அம்மையாரின் மதிநுட்பம் வெளிப்படுகின்றது. தம் வடிவங்களின் உரிமையையும் தம் பெயரின் உரிமையையும் அவர் விற்றாரில்லை. செய்து விற்கும் உரிமையை மட்டுமே கடைக்கு வழங்கினார். அணிகளை எவ்வாறு செய்வது, எவ்வாறு காட்சிக்கு வைப்பது, எவ்வாறு விளம்பரம் செய்வது என்பவற்றிலும் அவர் ஒப்புதல் வேண்டியிருந்தது. ஒவ்வோரணியிலும் அவர் பெயர் பொறிக்கப்பட்டது. இதன் பயன் 2012-இல் நன்கு தெரிந்தது. அவ்வாண்டின் இறுதியில், மேலும் இருபது ஆண்டுகளுக்கு அவ்வுரிமையைப் பெறுதற்பொருட்டு அந்நிறுவனம் அவருக்கு 4 கோடியே 73 இலட்சம் டாலர் கொடுக்க இசைந்தது. அக்காலத்தில் நிறுவனத்தின் நிகர விற்பனையிற் பத்தில் ஒருபங்கு அவர் வடிவங்களால் வந்தது. தோலங்கியையும் இவ்வொப்பந்தத்தையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர், யாம் முன்னர்க் கூறிய நிபந்தனை யாதென்பதை உணர்வர். வடிவம் வகுப்போர் தம் பெயரையும் உரிமையையும் தம் கையில் வைத்துக்கொள்ளவேண்டும். அல்லாக்கால் அது கலையாயினும் கூலிவேலையே.

இது மிகைக்கூற்றென்று நினைப்பார்க்கு ஃபிராங்க் ஹெஸ் என்பாரை நினைவூட்டுவோம். அவரை நினைவூட்டுதற்கு முன்னர் அறிமுகம் செய்யவும் வேண்டியிருக்கின்றது. எம் வாதத்திற்கு அதுவே சான்று. மிரியம் ஹாஸ்கெல் என்னும் அம்மையார் 1926-இல் நியூயார்க்கில் ஓர் அணிகலக் கடை திறந்தார். பொன்னும் மணியுமின்றி, கண்ணாடி மணிகளையும் கடுகுபோன்ற செயற்கை முத்துக்களையும் பித்தளைப் பின்னற் றகட்டின்மேல் நுண்கம்பியால் ஒவ்வொன்றாகக் கையாற் கட்டி ஆக்கிய அணிகள் அக்கடையின் சிறப்பு. நடிகையரும் செல்வரும் விரும்பி வாங்கினர். இன்றும் பழம்பொருள் திரட்டுவோர் தேடி அலைகின்றனர். அவ்வணிகளைப் பல்லாண்டுகள் வகுத்தவர் ஹெஸ். முன்னர் அவர் பெருங்கடையொன்றின் சாளரங்களை அழகுசெய்து வந்தவர். 1960 வரையில் அவர் அப்பணியில் இருந்தார். தொடக்ககால அணிகளில் எவர் பெயரும் இல்லை. பிற்காலத்தனவற்றில் ஹாஸ்கெல் பெயர் உண்டு. ஹெஸ்ஸின் பெயரைத் திரட்டுவோரும் நூலாசிரியருமே அறிவர். ஹாஸ்கெல் அம்மையாரை யாம் குறைகூறுகின்றோமல்லம். கடை நடத்துவதும் ஒரு திறமே. பெண்ணொருத்தி அந்நாளிற் தனித்து அதனைச் செய்தது பெருந்திறமே. ஆயினும் முப்பதாண்டுக்கு மேல் வடிவம் வகுத்தவர் பெயர் தகட்டின் பின்புறத்திலேனும் இருந்திருக்கலாகாதா?

வேறு சிலர் வழி வேறு. சிசிலித் தீவின் பிரபுவாகிய ஃபுல்கோ டி வெர்துரா பாரிசில் ஷனெல் அம்மையாருக்கு எட்டாண்டளவு பணிபுரிந்தார்; மால்ட்டாச் சிலுவை பதித்த கடகங்கள் அவர் வகுத்தவை; உலகம் அவற்றை ஷனெலின் கையிலேயே கண்டது. 1939-இல் நியூயார்க்கில் தம் பெயராற் கடை திறந்தார். ஷியாபரெல்லி அம்மையாரின் உடைகளுக்கு விந்தையான பொத்தான்கள் ஆக்கிவந்த ஷான் ஷ்லும்பெர்ஷே, 1956-இல் அதே டிஃபனி நிறுவனத்திற் சேர்ந்து தம் பெயராலேயே அணிகள் வெளியிட்டார். பெரெட்டிக்கு வழி திறந்தவர் அவரே எனினும் பொருந்தும்.

சட்டத்தின் துணை இல்லையோ எனின், உண்டு. ஆனால் அது முழுத்துணை அன்று. 1955-இல் டிரிஃபாரி என்னும் அணிகல நிறுவனம், தன் வடிவத்தைப் போலி செய்த மற்றொரு நிறுவனத்தின்மேல் நியூயார்க் நீதிமன்றத்தில் வழக்கிட்டது. விலைகுறைந்த உலோகத்தாலும் போலிக்கற்களாலும் ஆகிய அணியைக் கலைப்படைப்பென்று கூறலாமோ என்பதே அங்கு எழுந்த வினா. கூறலாம் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பொருளின் விலை கலையின் அளவுகோல் அன்றென்று ஒரு நீதிமன்றமே ஒப்பியது எமக்குப் பெருமகிழ்ச்சி தருகின்றது. ஆயினும் அவ்வுரிமை எவரைச் சென்றடைந்தது? நிறுவனத்தை. சம்பளத்திற்கு வரைபவரின் வடிவம் சம்பளம் கொடுப்பவரைச் சாரும் என்பது அந்நாட்டுச் சட்டம். எனவே கலைஞரைக் காப்பது முதற்கண் சட்டமன்று; அவர் கையெழுத்திடுமுன் படித்துப் பார்க்கும் ஒப்பந்தமே.

இனி எம் கருத்திற்கு மாறாகக் கூறத்தக்கவற்றையும் மறைத்தல் முறையன்று. பெரெட்டி அம்மையார் செல்வர் மகள்; வீட்டார் பணத்தை நிறுத்தினும், வளர்ந்த வளர்ப்பையும் கற்ற மொழிகளையும் எவரும் பறித்திலர். பின்னாளில் தந்தையின் செல்வத்திற் பெரும்பங்கு அவரையே வந்தடைந்தது. அழகும் உயரமும் அவரை நியூயார்க்கின் வாயில்களுக்குள் இட்டுச்சென்றன. ஒப்பந்தத்தைப் பிடிக்கவில்லையென்றால் எழுந்து வெளியேறும் துணிவு, அடுத்த மாத வாடகைக்குக் கவலாதவர்க்கு எளிது. எம் நண்பரின் தங்கைக்கு அத்தகைய முட்டுக்கோல் ஒன்றுமில்லை. அவள் முதலில் யாரிடமேனும் சம்பளத்திற்கு வரைந்தே தீரவேண்டும். ஹெஸ்ஸைப் போலச் சில ஆண்டுகள் பெயரின்றி இருந்தே தீரவேண்டும். இதனை அவளிடம் கூறாதுவிடின் யாம் நண்பராகோம்.

பருவந்தோறும் மாறும் தொழிலாயிற்றே என்பார்க்கு எலும்புக் கடகமே விடை. 1970-ஐ ஒட்டி எழுந்த அவ்வடிவம் இன்றும் செய்யப்படுகின்றது, விற்கப்படுகின்றது. அதனோடு அந்நாளில் அணியப்பட்ட உடைகள் எங்கேயோ? 2009-இல் இலண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் அம்மையாரின் அணிகளுள் முப்பதைத் தன் திரட்டிற் சேர்த்துக்கொண்டது. உடைத்தொழிலோடு ஒட்டியிருந்தும் அதன் ஓட்டத்தில் அடித்துச் செல்லப்படாமல் நிற்றல் இயலும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா. எல்லார்க்கும் அது கிட்டுமென்று யாம் கூறவில்லை. எழுதுவோர் எல்லாரும் காப்பியம் எழுதுகின்றனரோ?

எமக்கே தீராத ஐயம் ஒன்றுண்டு. அணியிற் பெரெட்டியின் பெயர் இருக்கின்றது; முதற் குடுவையைச் செய்த வெள்ளிக்கொல்லரின் பெயர் இல்லை. அம்மையார் கைவினைஞரை மிக மதித்தவர். பார்சிலோனாவின் வெள்ளிப் பட்டறைகளோடு நெடுங்காலம் உடனிருந்து உழைத்தவர். தம் மாதிரியைக் கையில் வைத்துக்கொண்டு, வளைவு சிறிது தவறினும் மீண்டும் செய்யச் சொன்னவர். அவர்களின்றித் தாம் இல்லையென்பதை அறிந்தவர். ஆயினும் பொறிப்புக்குரிய இடம் ஒரு விரல்நுனி அளவே. அதில் ஒரு பெயருக்கே இடம். ஹெஸ்ஸின் பொருட்டு வாதாடிய யாம், அக்கொல்லரின் பொருட்டும் வாதாடவேண்டுமன்றோ? திரைப்படத்தின் இறுதியில் விளக்குப் பிடித்தவர் பெயரும் ஓடுகின்றது. அணிகலப் பெட்டிக்குள் வைக்கும் சிறு தாளில், உருக்கி வார்த்தவர் பெயரையும் கல் பதித்தவர் பெயரையும் அச்சிடுதலில் எவர்க்கு என்ன நட்டம்? இதனைச் செய்யும் கடை உளதேல் அதற்கு எம் வணக்கம்.

பெரெட்டி அம்மையார் பிற்காலத்தை ஸ்பெயின் நாட்டில் கெரோனா நகருக்கு அணித்தாகிய சான்ட் மார்த்தி வெல் என்னும் சிற்றூரிற் கழித்தார். இடிந்து கிடந்த அவ்வூரின் வீடுகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பழுதுபார்த்தார். அங்கேயே 2021-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 18-ஆம் நாள், தம் எண்பதாம் வயதிற் காலமானார்.

நண்பரின் தந்தையார் வினாவிற்கு விடை கூறாது முடித்தல் கூடாது. “தட்டார் பட்டறைக்குப் போவதற்கு ஒரு பட்டப்படிப்பா?” என்றாரன்றோ? பட்டப்படிப்பு வேண்டும், பட்டறையும் வேண்டும். உலையின் அருகே நில்லாதவர் வரைந்த அணி, தாளில் மட்டுமே மின்னும். இதனை ஒரு நீண்ட மடலாக எழுதி அவருக்கு விடுத்தோம். மடலுக்கு மறுமொழி வரவில்லை. ஆனால் நண்பர் சென்ற திங்கள் ஊருக்குச் சென்று வந்து ஒரு செய்தி கொணர்ந்தார். வடிவமைப்புக் கல்லூரியின் நுழைவுத்தேர்வை எழுத அவளுக்கு ஒப்புதல் கிடைத்துவிட்டதாம். அதுவரையில் வீட்டில் வாளா இராது, சனிக்கிழமைதோறும் தெருக்கோடியில் உள்ள ஆசாரியார் பட்டறைக்குச் சென்று பொடி வைத்து ஊதக் கற்றுவருகின்றாளாம். தந்தையாரே முதல்நாள் கூட்டிச் சென்று விட்டாராம். வெள்ளியில் இரண்டு மோதிரங்கள் செய்தாள். இரண்டும் ஒட்டிய இடத்தில் உருகிப் போயின. மூன்றாவது நின்றுவிட்டது. அதனைப் பாட்டியார் வாங்கிப் பார்த்துவிட்டு, விரலில் இடாமல், தம் கண்ணாடிக் கூட்டிற்குள் வைத்துக்கொண்டிருக்கிறாராம்.